பூனைக்குச் சர்க்கரை நோய் வந்தால் தட்டில் என்ன வைப்பது?

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி தம் மகனுடன் வந்தார். கல்வி உதவிக்கு வந்திருப்பார் என்று நினைத்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்தோம். அவர் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, “காக்கா, கேக்கவே கூச்சமா இருக்கு. எங்க வீட்டுப் பூனைக்குச் சுகர்னு டாக்டர் சொல்லிட்டாரு. தினம் ரெண்டு ஊசி போடணுமாம், அதுக்குன்னு தனித் தீனி வாங்கணுமாம். அந்த டின் விலையைக் கேட்டா எங்க வீட்டு அரிசிக் கணக்கே வந்துடுது. இதுக்கு ஜகாத்துல ஏதாவது வழி இருக்கா?” என்றார். மகன் கையில் மூடி போட்ட கூடை. உள்ளே ஒன்பது வயது ஆண் பூனை.

ஜகாத்தில் வழி இல்லை. அதைப் பெறத் தகுதியுள்ளோர் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. எட்டு வகையும் மனிதர்கள் சார்ந்தவை. ஆனால் பொதுவான ஸதகா நிதியிலிருந்து உதவத் தடையில்லை என்று நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இதைச் சொன்னதும் அந்தச் சகோதரிக்குப் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாரம், அந்தப் பூனைக்கு என்ன கொடுப்பது, எந்த விலையில் கொடுப்பது என்பது. அதன் பிறகு நம் மஹல்லாவிலேயே இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து இதே கேள்வி வந்துவிட்டது. எனவே கால்நடை மருத்துவரிடம் இரண்டு முறை உட்கார்ந்து கேட்டு, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். நாம் மருத்துவர்கள் அல்லர். ஊசியின் அளவை இந்தப் பக்கத்தில் தேடாதீர்கள்.

“மனுஷனுக்கே மருந்து வாங்க முடியலை, பூனைக்கா?” என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் நாமாக வீட்டுக்குள் சேர்த்து, நாமாக உணவு கொடுத்துப் பழக்கிய பிராணியின் நஃபகா நம்முடைய பொறுப்பு என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சர்க்கரை நோய் வந்த வீட்டுப் பூனையை மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவந்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்பது நம் மனசமாதானத்துக்குச் சொல்லிக்கொள்வது. ஊசியில் இருக்கும் பூனை அங்கே அதிக நாள் தாங்காது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகையைப் போன்றது. வயதான, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கிற, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு அதிகம் வருகிறது. தோல் அரிப்புக்காக ஸ்டீராய்டு ஊசி அடிக்கடி போட்ட பூனைகளுக்கும் வரலாம். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். மணல் தட்டு வழக்கத்தைவிட அதிகம் நனையும். நன்றாகத் தின்றும் உடம்பு இளைக்கும். நோய் முற்றினால் பின்கால்களில் பலம் போய், குதிகால் தரையில் படும்படி நடக்கும். அந்தச் சகோதரியின் பூனை அப்படித்தான் நடந்தது. “வயசாயிருச்சுன்னு நினைச்சுட்டோம்” என்றார்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பயந்த பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரி மேஜையில் ரத்தச் சர்க்கரை 300-க்கு மேல்கூட ஏறிவிடும். ஆகவே ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்யாமல், சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃப்ரக்டோசமின் என்ற பரிசோதனையும் எடுப்பதுண்டு. முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரியை அது காட்டும். அதே ரத்தத்தில் சிறுநீரகத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் கீழே நாம் எழுதியிருக்கும் உணவு முறை அப்படியே பொருந்தாது.

இனி தட்டுக்கு வருவோம். பூனை மாமிசம் தின்னவே படைக்கப்பட்ட பிராணி. அதன் உடம்பு சக்தியைப் புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கிறது. நம்மைப் போல மாவுச்சத்தை வேகமாகக் கையாளும் வேலை அதன் ஈரலுக்குச் சரிவராது. ஆனால் நம் வீட்டுப் பூனைகள் தின்பது என்ன? காலையில் பால், மதியம் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, இடையில் பிள்ளைகள் கையிலிருந்து பிஸ்கட்டும் வர்க்கியும். கொஞ்சம் வசதியான வீட்டில் பாக்கெட்டில் வரும் உலர் தீனி. பெயர்தான் கோழி, மீன் என்று போட்டிருக்கும். உருண்டையாக, மொறுமொறுப்பாக இருக்க மாவு இல்லாமல் முடியாது. மக்காச்சோளமோ அரிசியோ கோதுமையோ இருக்கும். தானியமே இல்லை என்று எழுதிய பாக்கெட்டில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ மரவள்ளியோ இருக்கும்.

எதில் எவ்வளவு மாவுச்சத்து என்பது பாக்கெட்டில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நாமே கணக்குப் போட்டுவிடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குத்தான். புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார்ச்சத்து, சாம்பல் ஆகிய ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மீதி மாவுச்சத்து. சாம்பல் எழுதவில்லை என்றால் உலர் தீனிக்கு 8, ஈரத் தீனிக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஓர் உலர் தீனியில் புரதம் 30, கொழுப்பு 10, ஈரம் 10, நார் 4, சாம்பல் 8 என்றால் கூட்டுத்தொகை 62. மாவுச்சத்து 38. ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் மூன்றரை கலோரி, கொழுப்புக்கு எட்டரை கலோரி என்ற கணக்கில் பார்த்தால், அந்தத் தீனியின் சக்தியில் நூற்றுக்கு 41 பங்கு மாவிலிருந்து வருகிறது. சிறு பையில் வரும் ஈரத் தீனி ஒன்றில் புரதம் 10, கொழுப்பு 3, ஈரம் 82, நார் 1, சாம்பல் 2 என்றால் மாவுச்சத்து வெறும் 2. சக்தியில் நூற்றுக்குப் பத்துதான். சர்க்கரை நோய்ப் பூனைக்கு இந்தப் பங்கு பத்து, பன்னிரண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். லேபிளில் ‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’ என்றுதான் எண்கள் இருக்கும். எனவே இது துல்லியக் கணக்கு அல்ல. ஆனாலும் இரண்டு பாக்கெட்டுகளில் எது மேல் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டபோது நமக்கே ஒன்று தெளிவானது. ‘சர்க்கரை நோய்க்கானது’ என்று எழுதிய விலையுயர்ந்த டின்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரணக் கடையில் கிடைக்கும் ஈரத் தீனியில், வளர்ந்த பூனைக்கு முழுமையான உணவு என்று எழுதியிருக்கும் ஒன்றை எடுத்து, மாவுச்சத்துக் கணக்கில் தேறினால் அது போதும். கெட்டியான குழம்பில் மிதக்கும் துண்டுகளைவிட, அரைத்து இறுக்கிய வகையில் பொதுவாக மாவு குறைவு. குழம்பு கெட்டிப்படச் சில நிறுவனங்கள் மாவுதான் சேர்க்கின்றன.

அதற்கும் கையில் காசு இல்லாத வீட்டுக்கு, நம் கறிக்கடையும் மீன்கடையும் இருக்கின்றன. எலும்பில்லாத கோழிக்கறி, குறிப்பாகத் தொடைக்கறி, கோழி இதயம், வேகவைத்த மீன். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் வேண்டாம். ரமளானில் நோன்புக் கஞ்சியை ஒரு கரண்டி ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். அதில் அரிசியும் உண்டு, வெங்காயமும் பூண்டும் உண்டு. இந்தப் பூனைக்கு அது கூடவே கூடாது.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் என்றொரு சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். அது மாமிசத்தில்தான் இருக்கிறது, வேகும்போது தண்ணீரில் இறங்கிவிடும். ஆறியபின் அந்தத் தண்ணீரைக் கறியோடு சேர்த்தே கொடுங்கள். கோழி இதயத்தில் டாரின் நிறைய உண்டு, விலையும் குறைவு. ஈரல் பூனைக்குப் பிடிக்கும், ஆனால் தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பைக் கெடுக்கும். வாரத்துக்கு ஒரு சிறு துண்டு போதும். சாளை, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு பொருள் அவற்றில் உண்டு. வேகவைத்தால் அது போய்விடும். எண்ணெய்ச் சத்துள்ள மீனை மட்டுமே மாதக்கணக்கில் கொடுப்பதும் நல்லதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன், மற்ற நாள் கோழி என்று வைத்துக்கொள்ளலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். வெறும் கறியை வேகவைத்து வைத்தால் சர்க்கரைக்கு நல்லதுதான், ஆனால் அது முழுமையான உணவு ஆகாது. காட்டுப் பூனை எலியை எலும்போடு தின்கிறது. எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லை. மாதக்கணக்கில் அப்படியே போனால் எலும்பு பலவீனப்படும். தட்டில் பத்தில் ஒரு பங்கு வீட்டுக் கறி என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு, டாரின், வைட்டமின்கள் சேர்ந்த பொடி ஒன்றை, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக் கலக்க வேண்டும். அதற்காக வேகவைத்த எலும்பைக் கொடுத்துவிடாதீர்கள், அது கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

செலவைப் பார்ப்போம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. பருத்த பூனைக்கு இன்னும் குறைத்துச் சொல்வார்கள். 85 கிராம் ஈரத் தீனிப் பையில் சுமார் 70 கலோரி இருக்கும். அது மட்டும் என்றால் தினம் மூன்று பை. ஒரு பை 50 ரூபாய் என்று வைத்தால் மாதம் 4,500 ரூபாய். முழுவதும் வீட்டுக் கறி என்றால் வேகவைத்தது 120 கிராம் போதும், அதற்குப் பச்சைக் கறி சுமார் 165 கிராம். எலும்பில்லாத கறி கிலோ 300 ரூபாய் என்றால் தினம் 50 ரூபாய், மாதம் 1,500, அதோடு சத்துப் பொடியின் விலை. காலையில் ஒரு பை, மற்ற நேரத்துக்கு வேகவைத்த கறி 80 கிராம் என்று பிரித்தால் மாதம் 2,500 ரூபாய் அளவில் வரும், பொடி தனி. விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

உலர் தீனி இவை எல்லாவற்றையும்விட மலிவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கிலோ 350 ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாயில் முடிந்துவிடும். ஒரு வீட்டில் அது தவிர வேறு வழியே இல்லை என்றால் பூனையைக் கைவிட வேண்டும் என்று பொருளில்லை. கிடைப்பதில் புரதம் அதிகமான, மாவு குறைவான பாக்கெட்டைத் தேர்ந்து, தினமும் ஒரே அளவை அளந்து கொடுங்கள். அந்த உணவுக்கேற்ப மருத்துவர் ஊசியின் அளவை அமைத்துக்கொள்வார். ஒரு நாள் சோறு, ஒரு நாள் கறி, ஒரு நாள் பாக்கெட் என்று மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி எழுதுவதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நம்மிடம் வந்த சகோதரியின் வீட்டில் ஊசி ஆரம்பித்தாயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ நல்லெண்ணத்தில், “மாவுதான் விஷம், இன்னைக்கே நிறுத்திடு” என்று சொல்ல, அன்றே உலர் தீனியை நிறுத்திவிட்டு வேகவைத்த கோழி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஊசியின் அளவு மட்டும் பழையபடியே. நான்காம் நாள் பஜ்ருக்கு எழுந்தபோது பூனை நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை, வாய் ஓரம் இழுத்தது. மாவு குறைந்ததால் சர்க்கரை தானாகவே இறங்க, பழைய அளவு ஊசி அதை இன்னும் கீழே தள்ளிவிட்டது. மகன் சமயோசிதமாகத் தேனை விரலில் எடுத்து ஈறில் தடவி, துணியில் சுற்றிக்கொண்டு ஓடினான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தது. மருத்துவர் ஊசியைப் பாதியாகக் குறைத்தார்.

ஆகவே உணவை மாற்றுவதாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். வீட்டில் வாப்பாவுக்கு வைத்திருக்கும் மெஷினிலேயே, பூனையின் காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். மனிதருக்கான மெஷின் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்தே பெரும்பாலும் காட்டும் என்பதை நினைவில் வைத்து, எண்ணை மருத்துவரிடம் சொல்லி அவர் சொல்வதைச் செய்யுங்கள். தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, வலிப்பு கண்டால் தேனோ குளுக்கோஸோ ஈறில் தடவி உடனே கொண்டுபோக வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

புதிய உணவைப் பூனை தொடவில்லை என்றால் “பசிச்சா தானா திங்கும்” என்று விடாதீர்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கு ஆபத்தாகும். லேசாகச் சூடு செய்து வையுங்கள், வாசனை வந்தால் வரும். அதற்கும் மசியவில்லை என்றால் பழைய உணவையே கொடுத்து, மாற்றத்தை இன்னும் மெதுவாகச் செய்யலாம். சாப்பிடாத வேளையில் ஊசியை முழு அளவில் போடாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

ஊசிக்கும் உணவுக்கும் பன்னிரண்டு மணி நேர இடைவெளி சொல்வார்கள். பஜ்ர், மஃரிபு என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு சகோதரர் கேட்டார். பாங்கு நேரம் ஆண்டு முழுதும் நகர்ந்துகொண்டே இருக்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று கடிகாரத்தைப் பாருங்கள், ரமளானிலும் அப்படியே.

வாப்பாவின் இன்சுலின் வீட்டில் இருக்கிறதே என்று அதைப் பூனைக்குப் போடாதீர்கள். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகைக் குப்பிகள் கடையில் கிடைக்கின்றன. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு போய்விடும். பூனையின் உடம்புக்கு அந்த ஒரு தவறு போதும். வாப்பாவின் மாத்திரைகளும் வேண்டாம்.

ஹலால், ஹராம் பற்றியும் கேட்டார்கள். வெளிநாட்டு டின்களில் ‘மாமிசமும் மாமிசப் பொருட்களும்’ என்று மொத்தமாக எழுதியிருந்தால் அதில் பன்றியும் இருக்கலாம். அதை விலை கொடுத்து வாங்கும் நிலை நமக்கு ஏன்? கோழி, மீன் என்று தெளிவாக எழுதியவை தாராளமாகக் கிடைக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் என்றே வரும் இன்சுலினில் ஒரு வகை பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. பூனைகளுக்கு மருத்துவர்கள் அதிகம் எழுதும் கிளார்ஜின் நுண்ணுயிரி மூலம் தயாரிக்கப்படுவது. மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவர் அதையே எழுதுவார். பூனை வாய் வைத்த பாத்திரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அபூ கத்தாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், பூனை அசுத்தமல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அப்போது எடுத்துச் சொன்னதும் அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளன.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, மாவு குறைந்த உணவும் ஊசியும் சரியாக அமைந்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகிறது. அந்தப் பூனைகளுக்கும் பழைய சோறும் பிஸ்கட்டும் திரும்பி வந்தால் நோயும் திரும்பி வரும்.

வைத்தியச் செலவுக்கு அஞ்சுபவர்கள் முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியிலும் திருநெல்வேலி, நாமக்கல், ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நம் மஹல்லாவில் தேவைப்படும் வீடுகளுக்கு வாரம் இரு நாள் கோழி இதயமும் எலும்பில்லாத துண்டுகளும் அடக்க விலைக்குத் தர இரண்டு கறிக்கடைக்காரர்கள் முன்வந்திருக்கிறார்கள். அதுவும் கட்டுப்படியாகாத வீடுகளுக்கு ஸதகா நிதியிலிருந்து டிரஸ்ட் கொடுக்கும். மருத்துவர் எழுதிய சீட்டுடன் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரவும். படிவத்தில் ‘நோயாளியின் பெயர்’ என்ற இடத்தில் அந்தச் சகோதரியின் மகன் பூனையின் பெயரையே எழுதியிருக்கிறான். நாமும் அதைத் திருத்தவில்லை. அந்தப் பூனை இப்போது குதிகாலை உயர்த்தி நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஊசி இன்னும் நிற்கவில்லை.